தெரியாது என்று யாரிடம் சொல்வது?

நாவலூர்

கார்த்திகை மழை விட்ட மறுநாள் ராஜீவ் காந்தி சாலையில் இறங்கினால் கால் வைக்க இடம் தேட வேண்டும். மெட்ரோ தூண்கள் சிறுசேரி சிப்காட் பக்கம் வரிசையாக எழும்பி நிற்கின்றன. தூண்களுக்கு இடையே சேறு, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கம்பெனிப் பேருந்துகள். கழுத்துப் பட்டையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கம்பெனி ஆள் என்று சொல்லிவிடுகிறார் டீக்கடைக்காரர். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு ஸ்ட்ராங்காக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இது ஒரு காலத்தில் மகாபலிபுரம் போகும் பழைய சாலை, அவ்வளவுதான். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு தெற்கே தெற்கே என்று கண்ணாடிக் கட்டடங்கள் நகர்ந்து வந்துவிட்டன. சிறுசேரியில் டி.சி.எஸ். வளாகத்தை உருகுவேயில் பிறந்த கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஆட் வண்ணத்துப்பூச்சி போல வடிவமைத்துக் கொடுத்திருக்கிறார். பூச்சி தெரிய வேண்டுமானால் விமானத்தில் போக வேண்டும். தரையில் நிற்பவர்களுக்கு வாயிற்கதவும் செக்யூரிட்டியும்தான்.

நான் போனது அண்ணன் மகள் தங்கியிருக்கும் பி.ஜி.க்கு. ஓர் அறைக்கு மூன்று கட்டில், மூன்று லேப்டாப், ஒரு சன்னல். இரவுச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தியும் குருமாவும். குருமாவில் உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று மூவரும் கரண்டியால் தேடிப் பார்ப்பதே அன்றாட விளையாட்டு. மூன்றாவது கட்டிலில் இருப்பவள் வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. வீட்டில் முதல் பட்டதாரி. வேலையில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறாள். என் மருமகளைப் பார்த்து அவளும் என்னை அத்தை என்றே கூப்பிட்டாள்.

பத்து மணிக்கு மேல் மற்ற இருவரும் செல்போனில் மூழ்கிவிட, அவள் கம்பெனி கொடுத்த பயிற்சித் தளத்தைத் திறந்தாள். பாடம் எல்லாருக்கும் ஒன்றல்ல. சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு தேர்வு வைத்து, யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணித்து, ஆளுக்கொரு வரிசையில் பாடத்தை அடுக்கித் தருகிறது. பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் சந்தேகம் கேட்கலாம். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. “லெஃப்ட் ஜாயின் போட்டும் ஏன் ஒரு ஆள் காணோம்” என்று அவள் பேச்சுத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாள். அதற்குப் புரிந்தது.

கணக்கு இதுதான். பணியாளர் பட்டியலில் மூன்று பேர். துறைப் பட்டியலில் இரண்டு துறை. மூன்றாவது ஆளுக்கு இன்னும் துறை ஒதுக்கவில்லை. அவரையும் விட்டுவிடாமல் எல்லாரையும் பட்டியலிட வேண்டும். அதற்கு, இரண்டு பட்டியலையும் இணைக்கும் லெஃப்ட் ஜாயின் என்ற கட்டளை. அதைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனால் ‘சென்னைத் துறை’ என்ற நிபந்தனையை ‘ஆன்’ பகுதியில் எழுதாமல் ‘வேர்’ பகுதியில் எழுதிவிட்டாள். வேர் என்பது கடைசியில் நிற்கும் வடிகட்டி. துறையே இல்லாத அந்த மூன்றாவது ஆளை வெளியே தள்ளிவிட்டது. வேறு வேறு பயிற்சிகளில் இதே இடத்தில் இது மூன்றாவது சறுக்கல் என்று இயந்திரம் கண்டுபிடித்திருந்தது. அடுத்த பாடத்தை நிறுத்தி வைத்துவிட்டு, மூன்றே மூன்று வரிசை கொண்ட குட்டிப் பட்டியல் ஒன்றைப் போட்டு, “வேர் வரிக்கு முன் எத்தனை வரிசை? பின் எத்தனை?” என்று கேட்டது. மூன்று, மூன்று என்றாள். தப்பு. விரல் வைத்து எண்ணினாள். “அய்யோ, இங்கதான் போறான் அவன்!” என்று கட்டிலில் தட்டினாள்.

“கிளாஸ்ல கேக்க மாட்டியா?” என்றேன்.

“கேட்டா எம்பது பேர் திரும்பிப் பாப்பாங்க அத்தை. இங்கிலீஷ்ல வேற கேக்கணும். இது திரும்பிப் பாக்காது. ஒரே கேள்விய எத்தன தடவ கேட்டாலும் மூஞ்சி சுளிக்காது.”

இந்தக் கணிப்பு வேலை புதிதல்ல. பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கார்பெட், ஆண்டர்சன் இருவரும் 1990-களிலேயே இதற்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். ஒரு கருத்து மாணவருக்கு முன்பே தெரிந்திருக்க எவ்வளவு வாய்ப்பு, ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கற்றுக்கொண்டிருக்க எவ்வளவு வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல எவ்வளவு, தெரிந்தும் கை தவற எவ்வளவு: நான்கு எண்கள். ஒவ்வொரு விடைக்கும் கணிப்பு மாறும். இப்போது கூடியிருப்பது பேச்சு. பழைய இயந்திரம் ‘இவளுக்கு இது தெரியாது’ என்று குறித்துக்கொள்ளும். புதியது உட்கார்ந்து விளக்கவும் செய்கிறது.

ஆளுக்கேற்ற வேகம் என்பதும் நமக்குப் புதிதல்ல. மயிலாடுதுறையில் நான் டைப்ரைட்டிங் கற்ற இன்ஸ்டிட்யூட்டில் ஒரே நேரத்தில் இருபது மெஷின் ஓடும். ஒருத்தி ஏ எஸ் டி எஃப்-இல் இருப்பாள், அடுத்தவள் லோயர் பரீட்சைக்குத் தயாராவாள், மூலையில் ஓர் அக்கா ஹையர் ஸ்பீடு அடிப்பார். மாஸ்டர் நாளிதழிலிருந்து தலையைத் தூக்க மாட்டார், சத்தத்தைக் கேட்டே “சுண்டு விரல்!” என்பார். யாரைச் சொன்னார் என்று அவரவருக்குத் தெரியும். அவர் எதையும் எழுதி வைத்ததில்லை என்பதுதான் வித்தியாசம்.

அதனால்தான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: “ராத்திரி நீ இதுகிட்ட கேக்கறதையெல்லாம் ஆபீஸ்ல யாராவது பாப்பாங்களா?”

அவள் அதை யோசித்ததே இல்லை. “பாத்தா என்ன அத்தை? படிக்கத்தானே கேக்கறேன்” என்றாள். ஒரு நிமிடம் கழித்து, “பாப்பாங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

எலக்ட்ரானிக் சிட்டி

ஜோலார்பேட்டை தாண்டினால் காற்றே வேறு. பெங்களூரில் இறங்கும்போது சால்வையை எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் மார்கழிக்குக்கூட மஃப்ளர் கட்டுபவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

எலக்ட்ரானிக் சிட்டி 1970-களில் ஆர்.கே. பாலிகா என்ற கர்நாடக அதிகாரி கண்ட கனவு. கியோனிக்ஸ் என்ற அரசு நிறுவனம் 332 ஏக்கரில் தொடங்கியது. அப்போது அது ஊருக்கு வெளியே வெறும் பொட்டல். இப்போது அங்கே போய்ச் சேருவதே ஒரு வேலை. 2010-இல் மேம்பாலம் வந்தது, 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் வந்தது. இரண்டும் வந்தும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி இங்கே இருபது வருடமாக டெஸ்டிங் வேலையில் இருக்கிறார். காலையில் ஒரு தர்ஷினிக்கு அழைத்துப்போனார். நின்றபடி தட்டு இட்லி. சாம்பாரில் வெல்லம். தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு இந்த இனிப்பு எந்த வயதிலும் பழகாது.

“அண்ணி, என்னோட திறமை என்னன்னு பாருங்க” என்று செல்போனை நீட்டினார். கம்பெனியின் பயிற்சித் தளம் அவருக்கு ஒரு திறன் வரைபடம் போட்டு வைத்திருந்தது. அவர் எழுதிய படிவங்கள், வேலை பார்த்த ப்ராஜெக்டுகள், முடித்த பாடங்கள் எல்லாவற்றையும் திரட்டி இயந்திரம் தானே ஊகித்தது. எக்ஸெல், மேனுவல் டெஸ்டிங், பிளாக்செயின்.

“பிளாக்செயின் தெரியுமா உங்களுக்கு?”

“எனக்கா? வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் படிச்சே ஆகணும்னு ஒரு கணக்கு இருக்கு. அந்த வருஷம் கணக்கு குறைஞ்சுது. சமையல் பண்ணும்போது ஒரு வீடியோவை ஓட விட்டேன், சத்தத்தை அணைச்சிட்டு. அது பிளாக்செயின் வீடியோ. அன்னிலேர்ந்து என் தலையெழுத்து மாறிப்போச்சு. தினமும் அதையே கொண்டாந்து கொட்டுது.”

சிரித்தோம். ஆனால் அவர் அடுத்துச் சொன்னது சிரிப்பதற்கில்லை. அவர் பத்து வருடமாகப் பார்ப்பது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பில் போடும் மென்பொருள். மாத நடுவில் ஒருவர் ப்ரீபெய்டிலிருந்து போஸ்ட்பெய்டுக்கு மாறினால் வாடகையை நாள் கணக்கில் பிரிக்க வேண்டும். மென்பொருளின் ஏதோ ஒரு மூலையில் மாதத்தை முப்பது நாளாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரியில்தான் கணக்கு அதிகமாக உதைக்கும். எந்த மூலை என்பது அவருக்குத் தெரியும். ஒவ்வொரு ஜனவரி கடைசியிலும் இளைய பிள்ளைகள் அவர் மேசைக்கு வருவார்கள். இது எந்தப் படிவத்திலும் இல்லை, எந்தச் சான்றிதழிலும் இல்லை. ஆகவே வரைபடத்திலும் இல்லை. அங்கே அவர் பைத்தான் ஆரம்பப் பாடம் படிக்க வேண்டிய நபர்.

“பைத்தான் படிக்க மாட்டேன்னு சொல்லல அண்ணி. படிக்கறேன். எனக்குத் தெரிஞ்சது அதுக்குத் தெரியலையேன்னுதான்.”

2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகவும், அதில் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள் என்றும் செய்தி வந்ததிலிருந்து, எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இந்த வரைபடத்தை ஜாதகம் பார்ப்பது போல் பார்க்கிறார்களாம். ஆளுக்கேற்ற பயிற்சி என்று கம்பெனி சொல்லும்போது அவர் காதில் விழுவது, ஆளை அளக்கிறார்கள் என்பதுதான். இந்தப் பயத்தை மிகை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மைசூரு

மைசூருக்குப் போனால் முதலில் மைலாரி தோசை. நஜர்பாத்தில் சின்னக் கடை. மேலே வெண்ணெய், உள்ளே பல்யா, தோசையோ பஞ்சு. நம் ஊரில் முறுகலுக்குப் பெயர் போன கடைக்காரர்கள் இதைத் தோசை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன்.

ஊரின் வடமேற்கே ஹெப்பாளில் இன்ஃபோசிஸ் பயிற்சி வளாகம். முந்நூறு ஏக்கருக்கு மேல். உள்ளே 2009-இல் திறந்த இரண்டாவது கல்வி மையத்தை, ரோமாபுரிக் கட்டடங்கள் போலத் தூண்களும் குவிமாடமுமாக ஹஃபீஸ் கான்ட்ராக்டர் வடிவமைத்தார். ஒரே சமயத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கிப் படிக்கலாம். வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் ஒடியா, தெலுங்கு, இந்தி, தமிழ் எல்லாம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூட்டமெல்லாம் தேவராஜ மார்க்கெட்டுக்கும் சாமுண்டி மலைக்கும் கிளம்பிவிடும்.

இவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் கம்பெனிக்கு எதற்கு? நம் நாட்டு ஐ.டி. தொழில் வளர்ந்ததே இப்படித்தான். மெக்கானிக்கல், சிவில் என்று எந்தப் பிரிவில் படித்தவரையும் எடுத்து, சில மாதம் உட்கார வைத்து, புரோகிராமராக்கி வெளியே அனுப்பியது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே பாடம், ஒரே வேகம், ஒரே தேர்வு. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மாதத்துக்குள் இத்தனை ஜாவா ஆட்கள் வேண்டும் என்றால் கொடுக்க முடிந்தது இதனால்தான். இப்போது வாடிக்கையாளர் கேட்பது கூட்டத்தை அல்ல. பயிற்சியில் உட்காரும் ஒவ்வொரு நாளும் கம்பெனிக்குச் சம்பளச் செலவு. தெரிந்ததைத் தாண்டிக் குதித்து, தெரியாததை மட்டும் படிக்க வைத்தால் நாள் மிச்சம். ஆளுக்கேற்ற பாடத்தின் மேல் வந்திருக்கும் அக்கறைக்குக் கல்வியியல் மட்டும் காரணமில்லை.

பல கம்பெனிகளில் பாடம் எடுத்து ஓய்வுபெற்ற திருச்சிக்காரர் ஒருவரை அவர் வீட்டில் பார்த்தேன். மாடியில் முல்லைக்கொடி, கூடத்தில் வீணை, மேசையில் இரண்டு திரை. இப்போது இயந்திரம் எழுதும் வினாக்களைச் சரிபார்க்கும் பகுதிநேர வேலை.

“வினா நல்லாவே எழுதுது மேடம். ஆனா நாலு விடைல ரெண்டு சரியா இருக்கும் சில சமயம். அதைக் கண்டுபிடிக்கத்தான் நான்.”

அவருடைய குறை வேறு. இயந்திரம் பொறுக்க மாட்டேனென்கிறதாம். “நான் கிளாஸ்ல ஒருத்தன் திணறினா ரெண்டு நிமிஷம் சும்மா இருப்பேன். அவன் மூஞ்சில ஒண்ணு ஓடும். அது முடியட்டும்னு. இது உடனே குறிப்பு கொடுத்துடுது. சரி, நேரடியா விடை கொடுக்காதே, முதல்ல ஒரு குறிப்பு, அப்புறம் இன்னொண்ணு, மூணாவது தடவைதான் விடைன்னு மாத்தச் சொன்னேன். மாத்தினாங்க. பசங்க என்ன பண்ணாங்க தெரியுமா? பொத்தானை டக் டக் டக்னு மூணு தடவை தட்டறாங்க.”

பயிற்சி மென்பொருள் ஆய்வாளர்கள் இதை இருபது வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். இயந்திரத்தை ஏய்ப்பது என்பதே அவர்களுக்குத் தனி ஆராய்ச்சித் துறை.

சிகாகோவின் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையை அவர் நினைவிலிருந்தே சொன்னார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவன், வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டி நின்றான் என்பது அதன் கண்டுபிடிப்பு. பயிற்சி மென்பொருள் விற்க வரும் எல்லாரும் இந்த எண்ணோடுதான் வருவார்களாம். “2011-ல வான்லேன் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தார். தனி ஆசிரியரால வர்ற லாபம் புளூம் சொன்னதுல பாதிகூட இல்ல. ஆனா இன்னொண்ணும் சொன்னார்: படிப்படியா வழிகாட்டற கம்ப்யூட்டர் ஆசிரியரும் மனுஷ ஆசிரியருக்குக் கிட்டத்தட்ட சமமாவே நிக்குது. முதல் பாதியை இவங்க விட்டுடுவாங்க. ரெண்டாவது பாதியை நான் விட்டுடுவேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

கிளம்பும்போது, தேர்வு பற்றிப் பேச்சு வந்தது. 2025 பிப்ரவரியில், உள்மதிப்பீட்டில் மூன்று முறை எழுதியும் தேறாத 300-க்கும் மேற்பட்ட பயிற்சிப் பிள்ளைகள் இந்த ஊர் இன்ஃபோசிஸ் வளாகத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டது நாடு முழுக்கச் செய்தியானது. பெட்டியோடு நின்ற பிள்ளைகளின் முகத்தை டி.வி.யில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியிலும் பயிற்சிப் பிள்ளைகள் கம்பெனித் தளத்தில் சந்தேகம் கேட்கத் தயங்குகிறார்கள் என்பது அவருடைய எண்ணம். “எங்க கேக்கறாங்கன்னா, சொந்த போன்ல.”

திம்பம்

சாமராஜநகர் தாண்டி ஆசனூர் வந்தால் காடு. இரவில் இந்த வழியில் பெரும்பாலான வண்டிகளுக்குத் தடை; பகலில்தான் போக முடியும், போகவும் வேண்டும். திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு லாரி ஒன்று வளைவில் மாட்டிக்கொள்ள, இரு பக்கமும் பேருந்துகள் நின்றுவிட்டன. கீழே பவானிசாகர் நீர் வெயிலில் மின்னியது. ஓர் அம்மாள் வேகவைத்த நிலக்கடலையைப் பேருந்துக்குப் பேருந்து ஏறி விற்றுவிட்டுப் போனாள். யாருடைய போனிலும் சிக்னல் இல்லை, ஆகவே எல்லாரும் பேசினார்கள். டிரைவர் முதல் கியரில் இறக்கிய விதத்தைப் பார்த்தவர்கள் இதை வீடியோவில் கற்றுக்கொள்ள முடியும் என்று சொல்ல மாட்டார்கள்.

சரவணம்பட்டி

கோயம்புத்தூரின் ஐ.டி. சரவணம்பட்டிப் பக்கம் இருக்கிறது. இங்கே இந்தப் பயிற்சித் தளங்களைக் கட்டுகிறவர்களில் ஒருத்தியின் வீட்டில் மதியச் சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதம், தேங்காய் எண்ணெயில் தாளித்தது, மேலே நெய், பக்கத்தில் கத்தரிக்காய். “ஆபீஸ்ல பேச வேண்டாங்க்கா, வீட்டுக்கே வந்துருங்க” என்று சொன்னவள், சாப்பிட்டு முடிக்கும்வரை தொழில் பேச விடவில்லை.

வேடசந்தூர்ப் பெண் கேட்ட கேள்வியை அவளிடம் வைத்தேன். யார் பார்ப்பார்கள்?

அவள் லேப்டாப்பைத் திறந்து ஒரு மாதிரித் திரையைக் காட்டினாள். பொய்ப் பெயர்கள், நிஜ வடிவம். இடப்பக்கம் ஆட்கள், மேலே பாடங்கள், கட்டங்களில் பச்சை, மஞ்சள், சிவப்பு. ஒரு கட்டத்தைத் தட்டினால் எத்தனை முறை தவறு, எத்தனை குறிப்பு, எந்த நேரம் என்று விரிகிறது.

“கேட்ட கேள்வி?”

“அதுவும் இருக்குதுங்க்கா. எல்லாமே பதிவாகும். இல்லீன்னா அடுத்த தடவ அதுக்கு ஞாபகம் இருக்காது. ஆளுக்குத் தக்கன சொல்லித் தரணும்னா ஆளைத் தெரிஞ்சு வெக்கோணும். ரெண்டும் ஒண்ணுதான். கேள்வி என்னன்னா, அந்தத் திரை யாருக்குத் திறக்கும்?”

அவள் சண்டை போட்டு ஒன்றைச் சாதித்திருக்கிறாள். பயிற்சிக் காலத்தில் மேலாளருக்குக் குழுவின் மொத்த நிலவரம் மட்டும் தெரியும். தனி ஆளின் கேள்விகள் அந்த ஆளுக்கும் இயந்திரத்துக்கும் மட்டும். ஆனால் அது கம்பெனி விரும்பினால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு தேர்வு. தளத்தை வாங்க வருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது, “சிவப்பா இருக்கறவங்க பட்டியல் தனியா எடுக்க முடியுமா?” என்பது. முடியாது என்று சொல்கிற விற்பனையாளர் இன்னும் பிறக்கவில்லை.

சட்டம் ஏதாவது செய்யாதா என்றேன். 2023-இல் வந்த நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், வேலை தொடர்பான நோக்கம் என்றால் ஒப்புதல் கேட்காமலே தரவைக் கையாள ஒரு வழி இருக்கிறது. ஐரோப்பா கொஞ்சம் வேறு. அங்கே 2024-இல் வந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், வேலையிடத்திலும் கல்விக்கூடத்திலும் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்குத் தடை போட்டது; 2025 பிப்ரவரியிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. இவள் கட்டும் தளத்திலும் அப்படி ஒரு வசதி இருந்திருக்கிறது. லேப்டாப் கேமரா வழியே, கவனிக்கிறாரா, குழம்புகிறாரா, சலித்துப்போனாரா என்று பார்ப்பது.

“ஜெர்மனிக்காரங்க ஒருத்தர் வாங்க வந்தாங்க. அவங்களுக்காக எடுத்தோம். எடுத்ததை நம்மாளுங்களுக்கு மட்டும் திருப்பி வெக்கச் சொன்னாங்க. ரெண்டு மென்பொருள் பராமரிக்கச் செலவாகும்னு கணக்குக் காட்டினேன். விட்டுட்டாங்க.” அறம் பேசி வெல்ல முடியாத இடத்தில் செலவுக் கணக்கு பேசி வென்றிருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

தென்காசி

குற்றாலத்தில் சாரல் காலம் இல்லை, ஐயப்பன் சீசன். அருவியடியில் கருப்பு வேட்டிகளும் சரண கோஷமும், கடைகளில் நேந்திரங்காய் சிப்ஸ் மலை. பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடை வாசலில் சாமிமார் தவிர எல்லாரும் நிற்கிறார்கள். சின்னப் பரோட்டா, பிய்த்துப் போட்டு மேலே சால்னா. மேற்கே மலை, கீழே பச்சை வயல். டெல்டாவிலும் வயல்தான், ஆனால் கண் முட்டுவதற்கு எங்களிடம் ஒரு மேடுகூடக் கிடையாது.

இந்த வயல்களுக்கு நடுவே மத்தளம்பாறையில் ஸோஹோவின் அலுவலகம் இருக்கிறது. பட்டம் கேட்காமல், பள்ளி முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் சொல்லிக் கொடுக்கும் அவர்களுடைய பள்ளி பெயர் பெற்றது. அதைப் பார்த்து இந்தப் பக்கத்தில் வேறு சிறு மென்பொருள் நிறுவனங்களும் முளைத்திருக்கின்றன. அப்படி ஒன்றில் இருக்கும் பையனை டீக்கடையில் பிடித்தேன். அம்மா பீடி சுற்றுகிறார். பாலிடெக்னிக் முடித்துச் சேர்ந்தவன். அவன் நிறுவனமும் இந்த மாதிரித் தளம் ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறது.

“நல்லாத்தான் சொல்லிக் குடுக்குக்கா. ஆனா எங்களுக்கு இன்னொண்ணு இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடிக்கயில சீனியர் அக்கா ஒருத்தவங்க வருவாங்க. அன்னிக்கு ஆருக்கு எது வெளங்கலையோ அவங்ககிட்ட சொல்லணும். மொத ஆளா அவங்களே சொல்லுவாங்க, எனக்கு இன்னிக்கு இது வெளங்கலன்னு. பொறவு நாங்க சொல்லுவோம்.”

வேடசந்தூர்ப் பெண்ணைச் சொன்னேன், கோயம்புத்தூர்க்காரியைச் சொன்னேன், சிவப்புக் கட்டத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பட்டர் பன்னை டீயில் தோய்த்தான். பிறகு கேட்டான்:

“எங்க தளம் அவங்க செஞ்சதா இருக்குமோக்கா? எங்க மேனேஜருக்கு எது தெரியும்னு கேட்டுச் சொல்லுதீங்களா?”

அங்கிருந்தே கோயம்புத்தூர்க்காரிக்குப் போன் போட்டேன். தளத்தின் பெயரைக் கேட்டதும் அவள், “அது நாங்க செஞ்சதில்லைங்க்கா” என்றாள். “அதுல எல்லாமே திறந்துதான் வரும். கம்பெனி தேடிப்போய் மூடோணும். மூடியிருக்க மாட்டாங்க.”

பையனிடம் சொன்னேன். அவன் அதிர்ந்த மாதிரித் தெரியவில்லை.

“அதான் நான் அதுல ஒண்ணுமே கேக்கது இல்ல. வீட்டுக்குப் போயி என் போன்ல ஓசிக் கணக்கு ஒண்ணு வச்சிருக்கேன், அதுகிட்டத்தான் கேப்பேன்.”

“ஆபீஸ் கோடையா அதுல போடறே? அது கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே.”

“எழுதி ஒட்டியே போட்டுருக்காவ” என்றான். “பேர் எல்லாம் மாத்தித்தான் போடுவேன். தளத்துல எனக்கு எல்லாக் கட்டமும் பச்சைக்கா. போன மாசம் மேனேஜர் கூப்புட்டு, ஒனக்குப் பயிற்சியே வேண்டாம்டே, அடுத்த வாரத்துல இருந்து புதுசா வாரவனுகளுக்கு நீ சொல்லிக் குடுன்னுட்டாரு.”

“என்ன சொன்னே?”

“சரின்னேன். இப்பம் அந்த அக்காகிட்டத்தான் நாலு மணிக்கு உக்காந்து படிச்சிட்டு இருக்கேன்.”